காட்டுத் தடத்தில் சைக்கிள் ஓட்ட எந்த ஹெல்மெட்? கேள்வி பதில்

சிங்கப்பூரில் மலைசைக்கிள் ஓட்டும் நம் ஆட்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. பெரும்பாலானோர் புக்கிட் தீமா, செஸ்ட்நட், உபின் தீவின் கேத்தாம் பூங்கா என்று ஓட்டுகிறவர்கள். அதனால் பதில்களும் இங்குள்ள வேர்கள், ஈரமண், வெக்கை ஆகியவற்றை மனதில் வைத்துத்தான்.

அண்ணா, என்னிடம் ரோடு சைக்கிள் ஹெல்மெட் இருக்கிறது. அதையே செஸ்ட்நட் தடத்துக்கும் போட்டுக்கொள்ளலாமா?

இன்று காலை கிளம்புவதற்கு அதுதான் கையில் இருக்கிறது என்றால் போட்டுக்கொண்டு போங்கள் தம்பி. ஐரோப்பியப் பாதுகாப்புத் தர முத்திரையான இஎன் 1078 ரோடு ஹெல்மெட்டுக்கும் மலைசைக்கிள் ஹெல்மெட்டுக்கும் ஒன்றேதான். அமெரிக்காவின் சிபிஎஸ்சி முத்திரையும் அப்படியே. இரண்டில் எதுவும் இல்லாத ஹெல்மெட்டைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

புதிதாக வாங்குவதென்றால் தடத்துக்கென்று செய்ததை வாங்குங்கள். பின்மண்டையையும் நெற்றிப்பொட்டையும் அது இன்னும் கீழே வரை மூடும். இங்கே பலர் விழுவது வேகத்தில் அல்ல. மேடு ஏறும்போது ஈர வேரில் சக்கரம் வழுக்கி, கால் ஊன்றும் முன்பே பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ சாய்கிறார்கள். அந்த இடத்தில் ரோடு ஹெல்மெட்டின் ஓரம் மேலே நின்றுவிடுகிறது. முன்னால் இருக்கும் வைசரும் அலங்காரம் இல்லை. தாழ்ந்த கிளைகளையும் மழைத்துளியையும் கண்ணுக்கு வராமல் அது தடுக்கும்.

என் தலைச்சுற்றளவு 58 செ.மீ. ஒரு கம்பெனியில் மீடியம், இன்னொன்றில் லார்ஜ் என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டையும் நம்பாமல் கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஹெல்மெட் வாங்குவதில் முக்கால் பங்கு வேலை இதுதான். விலை, பிராண்டு எல்லாம் அப்புறம்.

தையல் டேப்பைப் புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகத் தலையின் அகலமான பகுதியைச் சுற்றி அளந்தால் சுற்றளவு கிடைக்கும். ஆனால் அது வடிவத்தைச் சொல்லாது. சிலர் தலை உருண்டை, சிலருக்கு முன்பின்னாக நீளம். ஒரே 58 செ.மீ. உள்ள இருவரில் ஒருவருக்கு நெற்றியில் குத்தும், மற்றவருக்குப் பொட்டில் அழுத்தும். சில கம்பெனிகள் உருண்டைத் தலைக்காக அகலமான ஆசிய வார்ப்பைத் தனியாகவே விற்கின்றன. எதைப் போட்டாலும் இரண்டு பக்கமும் இறுக்குகிறது என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கடையில் செய்ய வேண்டியது இது. ஸ்ட்ராப் போடாமல் பின்னால் உள்ள டயலை மட்டும் மிதமாகத் திருகி, குனிந்து தலையை ஆட்டுங்கள். ஹெல்மெட் விழக் கூடாது. கையால் பக்கவாட்டில் அசைத்தால் நெற்றித் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். முன் ஓரம் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அளவில் நிற்க வேண்டும். ஸ்ட்ராப்பின் இரண்டு வார்களும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒன்றிரண்டு விரல் நுழைந்தால் போதும். பிறகு கழற்றாமல் பத்து நிமிடம் கடைக்குள்ளேயே சுற்றுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் வலி தொடங்கினால், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அது உங்களுக்கான ஹெல்மெட் இல்லை.

டயலைக் கடைசி வரை இறுக்கினால்தான் நிற்கிறது என்றால் சைஸ் பெரிது என்று அர்த்தம்.

மிப்ஸ் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியதற்குக் கூடுதல் பணம் கேட்கிறார்கள். தேவையா?

முடிந்தால் கொடுங்கள் என்பேன். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த மூளை அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் கேடிஎச் பல்கலையின் பீட்டர் ஹால்டினும் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது இது. நாம் சைக்கிளிலிருந்து விழும்போது தலை செங்குத்தாக மோதுவது குறைவு. சாய்வாக உரசி மோதுகிறது. அப்போது தலை சட்டென்று சுழல்கிறது, அந்தச் சுழற்சி மூளையை முறுக்குகிறது. மிப்ஸ் ஹெல்மெட்டில் தலைக்கும் நுரைக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். மோதும் கணத்தில் அது 10 முதல் 15 மி.மீ. வரை நழுவி, அந்தச் சுழற்சியில் ஒரு பங்கைக் குறைக்கும்.

நான் மேலே சொன்ன இரண்டு முத்திரைகளும் இந்தச் சுழற்சியைச் சோதிப்பதே இல்லை. இஎன் 1078-இல் ஹெல்மெட்டைச் சுமார் 1.5 மீட்டர் உயரத்திலிருந்தும், சிபிஎஸ்சி-யில் 2 மீட்டரிலிருந்தும் தட்டையான இரும்பின் மேல் நேராகப் போடுகிறார்கள். அதனால் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் வெளியிடும் சைக்கிள் ஹெல்மெட் பட்டியலைப் பார்க்கச் சொல்கிறேன். அங்கே சாய்ந்த தளத்தில் மோத விட்டு மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் குறையக் குறைய நல்லது, அதிகபட்சம் ஐந்து நட்சத்திரம். நடுத்தர விலையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவையும் அதில் உண்டு. மிப்ஸ் இல்லாமல் வேறு வழியில் சுழற்சியைக் குறைப்பவையும் உண்டு. ஆக, ஸ்டிக்கரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தலையில் சரியாக உட்காராத மிப்ஸை விட, கச்சிதமாக உட்காரும் சாதாரண ஹெல்மெட்டையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முழுமுக ஹெல்மெட் வாங்கலாமா சார்? கேத்தாமின் பிளாக் டைமண்ட் என்ற கடினமான தடத்தை முயற்சி செய்ய ஆசை.

தாவல்களும் பாறை இறக்கங்களும் உங்கள் வழக்கம் ஆகிவிட்டால் வாங்குங்கள். தாடையும் பல்லும் தப்பும். ஆனால் நம் வெக்கையில் அதோடு மேடு மிதிப்பது கடினம். சூடு தாங்காமல் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், அது என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது. தாடைப் பகுதியைக் கழற்றி மாட்டும் ரகமும் இருக்கிறது.

எதுவானாலும் உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1952 என்ற முத்திரையைத் தேடுங்கள். டவுன்ஹில், அதாவது மலை இறக்க ஓட்டத்துக்கான அந்தத் தரத்தில்தான் தாடைப் பகுதியையும் சோதிக்கிறார்கள். இஎன் 1078 மட்டும் இருந்தால் தாடைப் பகுதியை அந்தத் தரத்தின்படி யாரும் இடித்துப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அண்ணா, எனக்கு நீளமான முடி. கொண்டை போட்டால் ஹெல்மெட் மேலே தூக்குகிறது.

கொண்டை வேண்டாம் மா. கழுத்துக்கு அருகே தாழ்வாக ஒரே பின்னல் போடுங்கள், டயலுக்குக் கீழே போய்விடும். பின்னலோடுதான் கடையிலும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மகளுக்கு ஒன்பது வயது. வளர்வாளே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கலாமா?

கூடாது. விழும்போது பெரிய ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றியைத் திறந்து விட்டுவிடும். இன்றைய தலைக்குப் பொருந்துவதை வாங்குங்கள், வளர்ந்ததும் மாற்றுங்கள்.

போன வாரம் விழுந்து தலை தரையில் இடித்தது. ஹெல்மெட்டில் சிறிய கீறல்தான். தொடர்ந்து பயன்படுத்தலாமா?

வேண்டாம், மாற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் நுரை, நாம் தெர்மாகோல் என்போமே, அந்த வகைதான். அது நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. நசுங்கியது திரும்ப எழாது. மேலோடு பளபளவென்று இருந்தாலும் உள்ளே அந்த இடம் மெலிந்திருக்கும், அடுத்த முறை அங்கேயே பட்டால் தாங்காது. சில கம்பெனிகள் விபத்துக்குப் பிறகு குறைந்த விலையில் மாற்றித் தருகின்றன, பில்லை வைத்துக் கேளுங்கள். யாரோ பயன்படுத்திய ஹெல்மெட்டை ஆன்லைனில் வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இதே காரணத்தால் வாங்கக் கூடாது. அது எத்தனை அடி வாங்கியது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

அப்புறம், தலை இடித்த உங்களுக்குத் தலைவலி, குமட்டல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் ஹெல்மெட் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் போங்கள்.

வியர்வை நாற்றம் போகவே இல்லை. எதைக் கொண்டு கழுவுவது?

உள்ளே இருக்கும் பஞ்சுகளைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். மேலோட்டிற்கும் அதே சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. பெட்ரோல், தின்னர் போன்றவை மேலோட்டையும் நுரையையும் அரிக்கும், பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம். கொசு மருந்தை ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அடியுங்கள், சில மருந்துகளுக்கு பிளாஸ்டிக் தாங்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டும் போகாதீர்கள், கம்பெனிகளே அதை எச்சரிக்கின்றன. பஞ்சு நைந்து மெலிந்துவிட்டால் புதுப் பஞ்சு தனியாகக் கிடைக்கும். அதற்காக ஹெல்மெட்டை மாற்ற வேண்டியதில்லை.