கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல் எங்கே?

*கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். மாதம் 10,400 ரூபாய். ஆர்டர் இல்லை என்று சொல்லி ஆகஸ்ட் கடைசியில் எங்கள் ஷிப்டையே நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எல்லோரிடமும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். நான் படிக்காமலே போட்டுவிட்டேன். மலேசியாவில் இருக்கும் என் சித்தி மகன், "இங்கே வேலை போனால் சொக்சோவில் பணம் தருவார்கள், நீயும் அங்கே எழுதிப் போடு" என்கிறான். எங்கே எழுதிப் போடுவது? நெட் சென்டரில் பி.எஃப். எடுத்துத் தர நூற்றுக்குப் பத்து கேட்கிறார்கள். பி.எஃப்.பில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். பிறந்த ஊர் ராயவரம், ப்ளஸ் டூ முடித்தபோது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தேன், பிறகு புதுப்பிக்கவே இல்லை. என் கொழுந்தனாருக்குக் காலில் ஊனம், பி.காம். படித்துவிட்டு வீட்டில்தான் இருக்கிறார். அவருக்காவது ஏதாவது கிடைக்குமா? நான் இப்போது வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். அது தெரிந்தால் பணம் தர மாட்டார்களா?*
*- ஒரு வாசகி, புதுவயல்*

அன்புச் சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். அதில் "சொந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு விலகுகிறேன்" என்று இருந்தால் அது ராஜினாமா. "வேலை இல்லாததால் நிறுத்தப்படுகிறீர்கள்" என்று இருந்தால் ஆட்குறைப்பு. "மறு அறிவிப்பு வரும் வரை" என்று இருந்தால் லே-ஆஃப், அதாவது நீங்கள் இன்னும் அந்த மில்லின் தொழிலாளிதான். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் மில் என்றால், லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி தரவேண்டும். கையெழுத்து ஒன்றுதான். மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து உங்களுக்கு வரவேண்டிய தொகை ஆயிரக்கணக்கில் கூடும், குறையும்.

ஆகவே இன்றைக்கே மில் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இலக்கணத் தமிழெல்லாம் வேண்டாம். "ஆறு ஆண்டுகளாக இன்ன டோக்கன் எண்ணில் வேலை பார்த்தேன். ஆர்டர் இல்லை என்று நிர்வாகமே இன்ன தேதியில் வேலையை நிறுத்தியது. நானாக விலகவில்லை. அன்று என்னிடம் கையெழுத்து வாங்கிய காகிதத்தின் நகலையும், வேலையை நிறுத்தியதற்கான கடிதத்தையும் தரவும்." இவ்வளவு போதும். ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்களோடு நின்றுபோன மற்றவர்களும் தனித்தனியாக இதே போல எழுதட்டும். ஒரே நாளில் ஒரு ஷிப்டே சொந்தக் காரணத்துக்காக விலகியது என்று எந்த அதிகாரியிடமும் சாதிக்க முடியாது. பதில் வராவிட்டால், கடித நகலோடு சிவகங்கையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

இப்போது சித்தி மகன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வது அவர் ஊருக்குச் சரி. மலேசியாவில் 2018-இல் வேலையிழப்புக் காப்பீடு வந்தது. சொக்சோ என்ற அந்த நாட்டுச் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் எழுதிப் போட்டால் வேலை முடிகிறது. நம் ஊரில் அப்படி ஒரே ஜன்னல் கிடையாது. மில்லிடம் ஒரு பணம், பி.எஃப்.பில் ஒரு பணம், ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் ஒன்று, மாநில அரசிடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. நெட் சென்டர்காரர் பி.எஃப்.பை மட்டும் சொல்கிறார் என்றால், அவருக்குக் கமிஷன் வருவது அதில்தான்.

நம் பக்கத்தில் பலரும் கேட்காமலே விட்டுவிடுவது மில்லிடமிருந்து வரவேண்டிய பணத்தை. ஐந்து வருஷம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. ராஜினாமா என்றே எழுதியிருந்தாலும் உண்டு. அதனால் அந்தக் காகிதத்தை நினைத்து இதில் பயப்பட வேண்டாம். கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 10,400 என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 400. வருஷத்துக்கு 15 நாள் வீதம் 6,000. ஆறு வருஷத்துக்கு 36,000 ரூபாய். வேலை நின்ற 30 நாளுக்குள் மில் இதைத் தரவேண்டும். ஆட்குறைப்பு என்று ஆகிவிட்டால், இதற்கு மேல் வருஷத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் வீதம் இழப்பீடும் உண்டு, குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் உண்டு. "கிராஜுவிட்டி கொடுத்தாச்சே, அப்புறம் என்ன" என்று சூப்பர்வைசர் சொன்னால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு பணம். கணக்குத் தீர்க்கிறோம் என்று ஒரு கவரை நீட்டி, "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று மறுபடி கையெழுத்துக் கேட்பார்கள். எந்தக் கணக்கில் எவ்வளவு என்று எழுதித் தராமல் இந்தத் தடவை பேனாவைத் தொடாதீர்கள்.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. சம்பளச் சீட்டில் மாதாமாதம் முக்கால் சதவீதம் பிடித்திருப்பார்கள், மில் தன் பங்காக 3.25 சதவீதம் கட்டியிருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் ஈ.எஸ்.ஐ. என்றால் டிஸ்பென்சரி மாத்திரை என்றுதான் நினைக்கிறார்கள். வேலை போனவருக்கு அதில் இரண்டு உதவிகள் இருக்கின்றன. ஒன்று அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி நாள் ஊதியத்தில் பாதி. வேலை போய் 30 நாள் ஆன பிறகு கேட்கலாம். முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நீங்களே நேரடியாகக் கேட்கலாம். இது 2018-இல் தற்காலிகமாகத் தொடங்கிய திட்டம், அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். ஆகவே கிளை அலுவலகத்தில் முதல் கேள்வியாக, "இப்போது நடப்பில் இருக்கிறதா, எனக்கு எத்தனை நாள் சந்தா வேண்டும்?" என்று கேளுங்கள்.

இன்னொன்று ராஜீவ் காந்தி பெயரில் 2005 முதல் இருக்கும் திட்டம். ஆலை மூடல், ஆட்குறைப்பு ஆகியவற்றால் வேலை இழந்தவர்களுக்கு அது 24 மாதம் வரை நீளும், முதல் ஆண்டில் ஊதியத்தில் பாதி. உங்கள் நிலைமைக்கு இதுதான் பெரிது. ஆனால் ஆட்குறைப்பு என்று காகிதத்தில் இருந்தால்தான் கிடைக்கும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், தானாக விலகியவர் இந்தப் பக்கமே வர முடியாது. அந்தக் கடிதத்தை இன்றைக்கே எழுதுங்கள் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் வேலை நின்ற அன்றே நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சந்தாவுக்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை ஒழுங்காக வேலைக்குப் போயிருந்தால், அதற்குத் தேவையான 78 நாள் சந்தா தாராளமாக வந்திருக்கும். அட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

பி.எஃப்.புக்கு நூற்றுக்குப் பத்து என்பது அநியாயம். அதில் விண்ணப்பக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. தட்டச்சுக்கும் பிரிண்டுக்கும் கூலி கொடுங்கள், அதோடு சரி. கமிஷனைவிட எனக்குக் கவலை, யார் கையில் உங்கள் கணக்கு இருக்கிறது என்பது. நிறையப் பேருடைய யு.ஏ.என்.னில், அதாவது பி.எஃப். உறுப்பினர் எண்ணில், மில்லில் ஆள் சேர்த்துவிட்ட கான்ட்ராக்டரின் மொபைல் எண் இருக்கிறது, அல்லது கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவைத்திருக்கிறார். ஓ.டி.பி. அவருக்குப் போகும், நீங்கள் அவர் கடைவாசலில் நிற்பீர்கள். ஆதாரில் உங்கள் எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் ஆதார் மையத்துக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டை நீங்களே மாற்றி வையுங்கள்.

இனிஷியல் தொல்லை உங்களுக்கு மட்டும் இல்லை. நம் பக்கத்தில் ராம., சித., மெய்., அழ. என்று இனிஷியலே ஒரு வம்சாவளி. அதை ஆங்கிலத்தில் ஒருவர் ஆர்.எம். என்று அடிப்பார், இன்னொருவர் ஆர் மட்டும் அடிப்பார், மூன்றாமவர் முழுப்பெயரையும் விரித்து எழுதுவார். கம்ப்யூட்டருக்கு மூவரும் வேறு வேறு ஆள். உங்கள் விஷயத்தில் அப்பா பெயரும் கணவர் பெயரும் வேறு மோதுகின்றன. பி.எஃப். தளத்திலேயே கூட்டு உறுதிமொழி (ஜாயின்ட் டிக்ளரேஷன்) என்ற பகுதியில் திருத்தம் கேட்கலாம். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, இடைவெளி, புள்ளி உட்பட பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் என்ன பெயர் என்றும் பார்த்துவிடுங்கள். மூன்றும் ஒன்றாகாமல் பணம் கேட்டு விண்ணப்பித்தால் நிராகரிப்புதான் வரும். இந்தத் திருத்தத்துக்கு மில்லின் ஒப்புதல் தேவைப்பட்டால், கிராஜுவிட்டிச் சண்டை சூடாவதற்கு முன்னாலேயே அதை வாங்கிவிடுவது கெட்டிக்காரத்தனம்.

அடுத்த முட்டுக்கட்டை, மில் உங்களுக்கு விலகிய தேதி போடாமல் இருப்பது. கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தால் அந்தத் தேதியை நீங்களே ஆதார் ஓ.டி.பி. மூலம் பதிந்துகொள்ளலாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். பி.எஃப். பாஸ்புக்கையும் இறக்கிப் பாருங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மாதங்கள் அதில் பளிச்சென்று தெரியும். அப்படி இருந்தால் சம்பளச் சீட்டோடு புகார் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். அதிகாரிகள் "நிதி ஆப்கே நிகட்" என்று முகாம் நடத்துகிறார்கள், அங்கே நேரில் கேட்பது ஆன்லைன் புகாரைவிட நம் ஆட்களுக்குத் தோதாக இருக்கும்.

முழுப் பணத்தையும் துடைத்து எடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். வேலையிழந்தவர் 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதியை எடுக்க இரண்டு மாதத்துக்குப் பதில் 12 மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு முடிவு செய்தது. நீங்கள் விண்ணப்பிக்கும் அன்று எது நடைமுறை என்று அந்த முகாமில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள் என்பேன். பத்து வருஷச் சேவை இருந்தால் மாதப் பென்ஷன். உங்களுக்கு ஆறு ஆகிவிட்டது, இன்னொரு மில்லில் நான்கு வருஷம் போதும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்பவர்களுக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை உங்களுக்கு இப்போது கிடைக்காது. பதிவு தொடர்ந்து ஐந்து ஆண்டு உயிரோடு இருந்திருக்க வேண்டும், உங்களுடையது புதுப்பிக்காமல் காலாவதி. குடும்ப ஆண்டு வருமானமும் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தினாலும் ப்ளஸ் டூவுக்கு மாதம் 400 ரூபாய்தான். அதற்காக அலைந்து மனம் வெந்துகொள்ள வேண்டாம். ஆனால் பதிவை மட்டும் புதிதாகப் போட்டுவையுங்கள். ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம், புதுவயல் சிவகங்கை மாவட்டம். இப்போதைய முகவரியில், சிவகங்கை அலுவலகத்தின் கீழ் பதியுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொழுந்தனார் விஷயம் வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு கிடையாது, வயது வரம்பு கிடையாது, பதிந்து ஓராண்டு ஆனால் போதும். பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய், பத்து ஆண்டு வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் போடுவார்கள். பி.காம். என்பதால் தடையில்லை. என்ஜினீயரிங், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்குத்தான் இந்த உதவித்தொகை இல்லை. அவர் பதிந்திருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே பதியச் சொல்லுங்கள், ஓராண்டுக் கணக்கு அன்றைக்கு ஓடத் தொடங்கும். ஏற்கெனவே வேறு மாத உதவி வாங்கினால் அதை மறைக்காமல் அலுவலகத்தில் சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும், பலருக்கு நடுவில் பணம் நின்றுபோவது அதைக் கொடுக்க மறப்பதால்தான். உதவித்தொகை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், போகாது.

கடைசியாகப் பிளவுஸ். கிராஜுவிட்டி, இழப்பீடு, பி.எஃப். மூன்றும் நீங்கள் ஏற்கெனவே உழைத்ததற்கான பணம், நீங்கள் தைத்தாலும் தைக்காவிட்டாலும் அவை உங்களுடையவை. ஈ.எஸ்.ஐ. உதவி மட்டும் வேலையில்லாத நாட்களுக்கானது. அந்தப் படிவத்தில் வேலை எதுவும் செய்யவில்லை என்று உறுதி கொடுத்துவிட்டு வாசலில் "இங்கு பிளவுஸ் தைத்துத் தரப்படும்" என்று போர்டு மாட்டினால் வம்பு. கிளை அலுவலகத்தில் எப்போதாவது இரண்டு மூன்று தைக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லி, அதை எப்படிக் காட்டுவது என்று கேட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள்.