வெப்பப் புள்ளியும் கரிந்த நிலமும்: செயற்கைக்கோள் வழிக் காட்டுத்தீக் கண்காணிப்பு பற்றிய கேள்வி பதில்

காட்டுத்தீயையும் அது விட்டுச்செல்லும் கரிந்த நிலத்தையும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடமாக்குவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் நெடுநாள் பணியாற்றிவரும் உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: தீ எரியும் இடங்களைச் செயற்கைக்கோள் வழியே காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் இணைய வரைபடத்தில் ஒரு மலைச்சரிவு முழுவதும் சிவப்புப் புள்ளிகளாக இருந்தது. அவற்றைச் சுற்றிக் கோடு போட்டுப் பரப்பைக் கணக்கிட்டால் எரிந்த நிலத்தின் அளவு கிடைத்துவிடுமா?

பதில்: கிடைக்காது. இந்தப் பிழையைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. இப்படிக் கணக்கிட்ட எண் ஒருமுறை அறிக்கையில் ஏறிவிட்டால் அதை எளிதில் இறக்க முடிவதில்லை. நீங்கள் பார்த்த சிவப்புப் புள்ளி, வெப்பம் உணரப்பட்ட ஒரு பிக்சலின், அதாவது படத்தின் மிகச்சிறு சதுரக் கட்டத்தின், நடுமையம் மட்டுமே. செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் என்ற உணர்கருவியின் வெப்பப் பிக்சல் பக்கத்துக்கு 375 மீட்டர், அதாவது ஏறத்தாழ 14 ஹெக்டேர். அதில் ஒரு மூலையில் மட்டும் தீ எரிந்தாலும் புள்ளி நடுவில்தான் விழும். மோடிஸ் என்ற மற்றோர் உணர்கருவிக்கோ பிக்சல் 1 கிலோமீட்டர், படத்தின் ஓரங்களில் அது இன்னும் விரிந்துவிடும். எதிர்த்திசையிலும் பிழை உண்டு. விர்ஸைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் ஓரிடத்தைப் பிற்பகல் 1.30 மணியையும் பின்னிரவு 1.30 மணியையும் ஒட்டியே கடக்கின்றன என்பதால், காலையில் பற்றி நண்பகலுக்குள் அணைந்துபோன புல்வெளித் தீ ஒரு புள்ளியைக்கூடப் பதிக்காமல் மறைந்துவிடக்கூடும். புள்ளி என்பது குறித்த வேளையில் அங்கே வெப்பம் இருந்தது என்பதற்கான சாட்சி. எரிந்த பரப்பை அளக்க வேறு படம் வேண்டும்.

கேள்வி: 14 ஹெக்டேர் பிக்சலுக்குள் இருக்கும் சிறு தீயைக் கருவி எப்படி உணர்கிறது?

பதில்: பொருள் சூடேறச் சூடேற அதன் கதிர்வீச்சின் உச்சம் குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்கிறது. சாதாரண நிலம் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாகக் கதிர்வீசுகிறது. எரியும் விறகோ 4 மைக்ரோமீட்டருக்கு அருகிலும் அதற்குக் கீழும் உச்சம் கொள்கிறது. ஆகவே பிக்சலில் மிகச் சிறு பங்கு எரிந்தாலும் 4 மைக்ரோமீட்டர் அலைவரிசை சட்டென எகிறும், 11 மைக்ரோமீட்டர் அலைவரிசை அவ்வளவாக அசையாது. இந்த இடைவெளியையும் சுற்றியுள்ள பிக்சல்களையும் ஒப்பிட்டே தீ என்று முடிவு செய்கிறார்கள். 1 கிலோமீட்டர் பிக்சல் கொண்ட மோடிஸே 1,000 சதுர மீட்டர் அளவிலான தீயை வழக்கமாகக் கண்டுபிடித்துவிடும். எண்ணெய் வயல்களில் எரிக்கப்படும் வாயுவும், எரிமலையும், சில வேளைகளில் வெயிலில் காய்ந்த பெரிய உலோகக் கூரையும் இதே போன்ற புள்ளியை விடுவதுண்டு. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் புள்ளியைக் காட்டுத்தீ என்று கொள்ளாதீர்கள்.

கேள்வி: வீட்டுக்கு அருகே தீ வந்தால், வெளியேறலாமா என்று இந்த வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யலாமா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். செயற்கைக்கோள் கடந்ததிலிருந்து புள்ளி திரைக்கு வருவதற்குள் 3 மணி நேரம் வரை ஆகலாம். காற்றடிக்கும் நாளில் தீ அதற்குள் வெகுதூரம் போய்விடும். ஹிமாவரி போன்ற, பூமியோடு சேர்ந்து சுழன்று ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் தருகின்றன என்றாலும் அவற்றின் வெப்பப் பிக்சல் 2 கிலோமீட்டர். களத்தில் இருக்கும் தீயணைப்புப் படையினர் சொல்வதைக் கேட்டு உடனே கிளம்புங்கள்.

கேள்வி: அப்படியானால் எரிந்த நிலத்தை எந்தப் படத்தைக் கொண்டு வரைவது?

பதில்: சென்டினல்-2 அல்லது லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு. இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன; லேண்ட்சாட்டின் பழைய படத்தொகுப்பு 2008இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதால், பத்தாண்டுகளுக்கு முந்தைய தீயையும் இன்று வரைய முடிகிறது. பசுமையான இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். இலையில் உள்ள நீர், அதைவிட நீண்ட அலைநீளம் கொண்ட குறுஅலை அகச்சிவப்பை விழுங்கிவிடும். எரிந்தபின் இந்த நிலை தலைகீழாகிறது. அண்மை அகச்சிவப்பிலிருந்து குறுஅலை அகச்சிவப்பைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே என்.பி.ஆர். எனப்படும் எரிவுக் குறியீடு. தீக்கு முன் 0.6 ஆக இருந்த பிக்சல் தீக்குப் பின் -0.1 ஆனால் வேறுபாடு 0.7, பரவலாகப் பயன்படும் அளவுகோலில் 0.66க்கு மேற்பட்டது கடும் எரிவு.

கணக்கில் இறங்குமுன் குறுஅலை அகச்சிவப்பைச் சிவப்பாகவும், அண்மை அகச்சிவப்பைப் பச்சையாகவும், கண்ணுக்குத் தெரியும் சிவப்பை நீலமாகவும் வைத்துப் படத்தைத் திறந்து சற்று நேரம் பாருங்கள். மெல்லிய புகை விலகிவிடும். உயிருள்ள காடு பளிச்சென்ற பச்சையாகவும் கரிந்த நிலம் செம்பழுப்பாகவும் விரியும். இன்னும் எரிந்துகொண்டிருக்கும் தீமுனை மெல்லிய செம்மஞ்சள் நூலாக ஓரத்தில் ஓடும். நடுவே எரியாமல் தப்பிய பசுந்திட்டுகளும் தென்படும். புள்ளிகளைச் சுற்றிப் போட்ட கோடு இவற்றையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது.

கேள்வி: நான் அப்படியே செய்தேன். ஆனால் தீயே படாத ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் எரிந்ததாக வருகிறது.

பதில்: உங்கள் இரண்டு படங்களின் தேதிகளைப் பாருங்கள். மழை ஓய்ந்த பருவத்துப் படத்தை முன்படமாகவும் கோடைப் படத்தைப் பின்படமாகவும் எடுத்திருந்தால், இலையுதிர்த்த காடும் எரிந்த காடு போலவே தோன்றும். தொடக்கக் காலத்தில் நானும் இதே தவறைச் செய்து, ஒரு குன்று முழுவதையும் எரிந்ததாக வரைந்துவிட்டேன். களத்துக்குப் போனபோது அங்கே கரி ஒரு துளிகூட இல்லை, காலடியில் காய்ந்த சருகுதான் நொறுங்கியது. அதிலிருந்து முன்படத்தைத் தீக்குச் சில நாள் முன்னதாகவோ, முந்தைய ஆண்டின் அதே வாரத்திலோ எடுத்து வருகிறேன். மேகத்தையும் மேகநிழலையும் நீர்நிலையையும் முதலில் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: வாரக்கணக்கில் மேகம் விலகாவிட்டால்?

பதில்: சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தையும் புகையையும் ஊடுருவும். ஆனால் மண்ணின் ஈரம் மாறினாலும் அதன் அளவீடு மாறும் என்பதால், நான் அதைத் துணைச் சான்றாகவே கொள்கிறேன்.

கேள்வி: கடும் எரிவு என்று வரைபடம் சொன்னால் அது போதுமா, களத்துக்கும் போக வேண்டுமா?

பதில்: போக வேண்டும். அடர்ந்த கிளைகளுக்குக் கீழே ஓடிய தரைத்தீ மேலிருந்து பார்த்தால் லேசாகவே தெரியும். களத்தில் குனிந்து சாம்பலை விலக்கிப் பாருங்கள். கருமையான கரித்துண்டுகள் மிஞ்சியிருந்தால் எரிவு அரைகுறை. வெண்சாம்பலாகவே போயிருந்தால் அங்கே எரிபொருள் முற்றிலும் தீர்ந்திருக்கிறது. புதர்களில் மிஞ்சி நிற்கும் குச்சியின் நுனியையும் விரலால் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கிளைகள் எல்லாம் எரிந்து தடித்தவை மட்டும் நின்றால் தீ கடுமையாக இருந்திருக்கிறது. இந்தக் குறிப்புகளை இடத்தோடும் தேதியோடும் எழுதிவைத்து, வரைபடத்தின் பிக்சலோடு ஒப்பிட வேண்டும். எரிந்த புல்வெளியானால் தாமதிக்காதீர்கள்: ஒரு நல்ல மழை பெய்தால் சில வாரங்களிலேயே தளிர்விட்டு, படத்திலும் தரையிலும் கருமை மறைந்துவிடும்.