மொட்டை மாடி டிஷ்ஷில் ரேடியோ ரெலிக் சிக்குமா?

கேள்வி: வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், வீடு குடியாத்தம். மோதும் கேலக்ஸிக் கொத்துகளின் அதிர்ச்சி அலைகளிலிருந்து வரும் ரேடியோ கதிர்வீச்சு, அதாவது 'ரேடியோ ரெலிக்'தான் என் புராஜெக்ட். மூன்று மாதம்தான் இருக்கிறது. "காவலூர் வானாய்வகம் பக்கத்தில்தானே, போய்க் கேளம்மா" என்கிறார் வழிகாட்டி. மாடியில் ஒரு மீட்டர் அகல டிஷ் ஒன்று சும்மா கிடக்கிறது. இரண்டில் எதை வைத்தாவது ஓர் அதிர்ச்சி அலையின் மாக் எண்ணை (அதன் வேகம் ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதை) கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: இரண்டுமே உதவாது. ஆனால் புராஜெக்டைக் கைவிட வேண்டியதில்லை.

காவலூரில் இருப்பவை ஒளியியல் தொலைநோக்கிகள். ஜவ்வாது மலையில், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி உட்பட, எல்லாமே கண்ணாடி வைத்து வெளிச்சத்தைச் சேர்ப்பவை. உங்களுக்கு வேண்டியது ரேடியோ. (இன்றைய கணக்கில் காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். எங்கள் வயதுக்காரர்களுக்கு அது இன்னும் வட ஆற்காடுதான்.)

டிஷ் விஷயம். 21 செ.மீ. அலைநீளத்தில் (அதாவது 1.4 கிகாஹெர்ட்ஸில்) ஒரு மீட்டர் டிஷ்ஷின் பார்வை 12 பாகைக்கு மேல் விரியும். அதாவது, 24 முழு நிலாக்களை வரிசையாக வைத்த அகலம். நீங்கள் தேடும் ரேடியோ ரெலிக்கோ நிலாவின் அகலத்தில் கால் பங்கு இருந்தாலே பெரியது. பிரகாசமும் போதாது. பெரும்பாலான ரெலிக்குகளிலிருந்து 1.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு ஜான்ஸ்கி (ரேடியோ பிரகாசத்தின் அலகு) கூட வருவதில்லை. சூரியனிலிருந்து லட்சக்கணக்கில் வருகிறது. அந்த டிஷ்ஷில் சூரியனைப் பிடிக்கலாம், பொறுமை இருந்தால் பால்வெளியின் ஹைட்ரஜன் கோட்டையும் பிடிக்கலாம். அது வேறு புராஜெக்ட்.

சரி, என்ன செய்வது? பிறர் எடுத்து இலவசமாக வைத்திருக்கும் இரண்டு வரைபடங்கள் போதும். ஒன்று டி.ஜி.எஸ்.எஸ். புனே அருகே கோடத் கிராமத்தில் 45 மீட்டர் டிஷ்கள் 30 கொண்ட ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி, சுமார் 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தை அளந்த தொகுப்பு அது. இன்னொன்று என்.வி.எஸ்.எஸ்., அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி 1.4 கிகாஹெர்ட்ஸில் எடுத்தது. வேண்டிய இடத்தை மட்டும் ஃபிட்ஸ் கோப்பாக (வானியல் படங்களுக்கான கோப்பு வடிவம்) இறக்கலாம். சாதாரண லேப்டாப் தாங்கும்.

இலக்காக 'டூத்பிரஷ்' ரெலிக்கை எடுங்கள். 2012-இல் அறிவிக்கப்பட்டது, நீளம் சுமார் 60 லட்சம் ஒளியாண்டு. இவ்வளவு நீளத்துக்கு ஒரே கேலக்ஸியிலிருந்து எலெக்ட்ரான்கள் பரவிவர முடியாது. ரேடியோவில் ஒளிரும் எலெக்ட்ரான் சுமார் பத்துக் கோடி ஆண்டுக்குள் ஆற்றலை இழந்துவிடும், அதற்குள் அவ்வளவு தூரம் போகாது. ஆகவே அந்த இடத்திலேயே ஏதோ ஒன்று அவற்றை முடுக்கிவிட வேண்டும். இரண்டு கொத்துகள் மோதும்போது கோடிக்கணக்கான பாகை சூட்டில் இருக்கும் வாயுவில் எழுந்து வெளிநோக்கி ஓடும் அதிர்ச்சி அலைதான் அது. முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் ரேடியோ அலைகள் பிறக்கின்றன. ஆபெல் 3376 கொத்தின் இருபுறமும் இருக்கும் இரட்டை ரெலிக்குகளை 2006-இல் புனேயில் உள்ள ஐயூக்கா வானியல் ஆய்வு மையத்தின் ஜாய்தீப் பாக்சி குழு அறிவித்தது. படம் அழகாக இருக்கும். ஆனால் அது நமக்குப் பக்கம் என்பதால் வானில் அகலமாக விரிந்திருக்கிறது. அவ்வளவு அகலமானவற்றில் இந்தத் தொகுப்புகள் கொஞ்சம் ரேடியோ பாயத்தை (வந்துசேரும் மொத்தப் பிரகாசத்தை) தவறவிடும். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. டி.ஜி.எஸ்.எஸ்.ஸின் பீம், அதாவது படம் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய அகலம், 25 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு), என்.வி.எஸ்.எஸ்.ஸுக்கு 45. முதலாவதை காஸா மென்பொருளில் 45-க்கு மங்கலாக்கி, இரண்டாவதன் பிக்சல் கட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் ரெலிக்கைச் சுற்றி ஓர் எல்லை வரைந்து, இரண்டு படத்திலும் அதே எல்லைக்குள் கூட்டுங்கள். பிக்சல் மதிப்புகள் 'ஒரு பீமுக்கு இத்தனை ஜான்ஸ்கி' என்ற அலகில் இருக்கும். 15 ஆர்க்செகண்ட் பிக்சலில் ஒரு பீமுக்குள் சுமார் 10.2 பிக்சல்கள். கூட்டுத்தொகையை 10.2-ஆல் வகுக்காவிட்டால் பாயம் பத்து மடங்கு ஊதிப்போகும். உள்ளே புள்ளியாகத் தெரிவது வேறு ரேடியோ கேலக்ஸியா என்று ஒளியியல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படியானால் அதைக் கழித்துவிட வேண்டும்.

இரண்டு பாயங்களின் விகிதத்திலிருந்து ஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸ், அதாவது அதிர்வெண் கூடக் கூடப் பிரகாசம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்லும் எண், கிடைக்கும். அது 1.2 என்றால், 150 மெகாஹெர்ட்ஸில் ரெலிக் சுமார் 15 மடங்கு பிரகாசம். எளிய முடுக்கக் கோட்பாட்டின்படி, இந்த எண்ணோடு 1 கூட்டியதை, 1 கழித்ததால் வகுத்தால் மாக் எண்ணின் வர்க்கம் வரும். 2.2-ஐ 0.2-ஆல் வகுத்தால் 11, மாக் எண் 3.3.

இங்கேதான் பலர் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் இரண்டு வரி போடுங்கள். இண்டெக்ஸ் 1.1 என்றால் மாக் எண் 4.6, 1.3 என்றால் 2.8. டி.ஜி.எஸ்.எஸ். பாயத்தில் 10 சதவீதப் பிழை சாதாரணம், புள்ளி மூலங்களைக் கழிப்பதில் இன்னும் சேரும். 0.1 தள்ளாட்டம் சுலபமாக வந்துவிடும். இண்டெக்ஸ் 1-ஐ நெருங்க நெருங்க மாக் எண் எங்கேயோ ஓடிவிடும். ஆகவே ஆய்வேட்டின் தலைப்பில் மாக் எண்ணைப் போடாதீர்கள், ஸ்பெக்ட்ரல் இண்டெக்ஸைப் போடுங்கள். அதுதான் நீங்கள் உண்மையில் அளந்தது.

வைவாவில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: எக்ஸ் கதிரில் டூத்பிரஷ்ஷின் மாக் எண் 2-க்கும் கீழே இருக்கிறதே, ஏன்? இன்னும் முடியாத விவாதம் அது. அவ்வளவு பலவீனமான அலை, வெறும் வாயுவிலிருந்து எலெக்ட்ரான்களை எடுத்து இத்தனை பிரகாசம் தருவது கடினம். பழைய ரேடியோ கேலக்ஸிகள் விட்டுச்சென்ற எலெக்ட்ரான்களை அது மறுபடி முடுக்குகிறது என்பது ஒரு விடை. ஆபெல் 3411-3412 ஜோடியில் ஒரு கேலக்ஸியின் வால் நேராக ரெலிக்கில் போய்ச் சேர்வதை 2017-இல் காட்டினார்கள். அந்தப் படத்தை இணைத்துக்கொள்ளுங்கள்.

ஜி.எம்.ஆர்.டி. காப்பகத்தில் மூலத் தரவும் கிடைக்கும். அதைச் சுத்தம் செய்யக் கற்கவே மூன்று மாதம் போய்விடும், இப்போதைக்குத் தொடாதீர்கள்.