ராணுவப் பணியால்தான் நோய் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

2019-இல் ஓய்வு பெற்ற அப்பாவுக்கு ரத்த அழுத்தத்தால் ஊனம் 30 சதவீதம் என்று போட்டுவிட்டு, 'பணியால் வந்ததுமில்லை, பணியால் கூடியதுமில்லை' என்று டிசபிலிட்டி பென்ஷனை மறுத்துவிட்டார்கள், எப்படி நிரூபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'நானா' என்போம். நானும் ஒரு நானா கேஸ்தான்.

மறுப்புக் கடிதம் வந்த அன்று டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துக்கொட்டி, காஷ்மீர் எல்லையில் பூஞ்ச் பனியில் நின்ற போட்டோவிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்து ஆறு பக்கம் எழுதினேன். அப்பீலுக்கு ஒரே வரியில் பதில்: நோய் ஆரம்பித்தது பீஸ் ஸ்டேஷனில், அதாவது எல்லையை விட்டு அமைதியான ஊரில் இருந்தபோது. எல்லையிலிருந்து இறங்கிய நாலாவது மாதம் பிரஷர் பிடிபட்டது, அதனால் அது ஊரில் வந்த நோயாம்!

பக்கத்துத் தெரு சுபேதார் ஐயாதான் கண்ணைத் திறந்தார். "நீ எதுக்குப்பா நிரூபிக்கணும்? சேரும்போதே உனக்கு பிரஷர் இருந்துச்சுன்னு அவங்க எழுதியிருக்காங்களா?"

விஷயமே அதுதான். 1982-ஆம் ஆண்டு பென்ஷன் விதிகளின்படியும், அவற்றுக்குப் பதிலாக 2008-இல் வந்த விதிகளின்படியும் பொதுவாக நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல. தரம்வீர் சிங் என்ற வீரரின் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் 1982 விதிகளை வைத்து அதை உறுதிப்படுத்தியது. அவருக்கு வந்தது வலிப்பு. உடல்வாகால் வந்தது என்று தள்ளியிருந்தார்கள். சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் இல்லையென்றால் பணியில் வந்ததாகத்தான் கொள்ள வேண்டும், அப்படிக் கொள்ள முடியாது என்றால் ராணுவ மருத்துவர்களின் போர்டு அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம்.

ஆகவே போட்டோ தேடாதீர்கள். சேர்ந்தபோது எடுத்த மருத்துவக் குறிப்பு, பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதித்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கை இரண்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அப்பீலிலும் கிடைக்காவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்புக்குப் பிறகு அப்பாவின் 30-ஐ 50 ஆகவே கணக்கிடுவார்கள். தள்ளிப்போட வேண்டாம், நிலுவையைப் பெரும்பாலும் வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் தருகிறார்கள். அப்புறம் ஒன்று: 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு வெளியே வந்தவர்கள் இந்தப் பதிலை அப்படியே நம்பி இறங்க வேண்டாம்.

என் போர்டு அறிக்கையில் காரணம் எழுதும் இடத்தில் இருந்தது ஒரு பேனாக் கோடு மட்டும். வக்கீல் தீர்ப்பாயத்தில் அதைத்தான் முதலில் காட்டினார்.