குஞ்சு வாங்கலாமா, வெடைக்கோழி வாங்கலாமா?

கேள்வி: வீட்டின் பின்பக்கம் நாலைந்து கோழி வளர்க்க ஆசை. இதுதான் முதல்முறை. 8 வயது மகள் குஞ்சுகள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். 'முட்டைக்காகத்தானே, வெடைக்கோழியாகவே வாங்கிவிடலாம்' என்கிறார் கணவர். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எது சரி?

பதில்: இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் வெடைக்கோழிதான், அம்மா; அதாவது இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி. 16 முதல் 18 வாரம் ஆனதாகப் பார்த்து வாங்குங்கள்.

குஞ்சு வாங்கினால் நீங்கள்தான் அதற்குத் தாய்க்கோழி. முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். உடம்பை இறகு முழுதாக மூட ஏறக்குறைய 6 வாரம் ஆகும். தெர்மாமீட்டர் வைத்திருந்தாலும் நான் குஞ்சுகளைத்தான் பார்ப்பேன். சூட்டுக்காகத் தொங்கவிட்ட பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓயாமல் கத்தினால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி, இறக்கையைத் தளர்த்தி, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தால் சரியாக இருக்கிறது. காலையில் சரியாக இருந்த சூடு மதியம் கூடிவிடும். நடுவில் கரண்ட் போய்விட்டால், குளிருக்கு நெருக்கியடிக்கும் கூட்டத்தில் அடியில் சிக்கிய குஞ்சுகள் மூச்சுமுட்டிச் சாகும். பல்பை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னும் இருக்கிறது. பிறந்த சில நாளில் பின்பக்கம் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்; விட்டுவிட்டால் வழி அடைத்துக் குஞ்சு செத்துப்போகும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். காய்ந்ததைப் பிய்த்தால் தோலோடு வந்துவிடும். மூன்றாவது வாரத்துக்கு மேல், தரையில் பரப்பிய உமியோ மரத்தூளோ ஈரமாக இருந்தால் இரத்தக்கழிச்சல் வரும். அதையெல்லாம் தாண்டி வளர்த்தால், ஆண் பெண் பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக நிற்கும். முட்டைக்கு 5, 6 மாதம் காத்திருக்க வேண்டும். வெடைக்கோழி என்றால் சில வாரங்களில் முட்டை வந்துவிடும்.

வெடைக்கோழியிலும் குறை இல்லாமல் இல்லை. விலை கூடுதல். எப்படி வளர்ந்தது என்பது நமக்குத் தெரியாது. கையில் வளர்ந்த குஞ்சு போல ஓடிவந்து மடியில் ஏறாது. ஆனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் தீனி வைத்தால் நன்றாகவே பழகும். அந்த வேலையை மகளிடம் கொடுங்கள். கோழியைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பார்வைக்கு நலமாகத் தெரியும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம்.

அவளுடைய குஞ்சு ஆசையும் வீண்போகாது. உங்கள் கோழிகளில் ஒன்று என்றாவது அடைக்கு உட்காரலாம். அது உறுதியாக உட்கார்ந்து மூன்று வாரம் போல ஆனதும், பிறந்து ஓரிரு நாளான குஞ்சுகளை இரவில், இருட்டில், அதன் வயிற்றுக்கு அடியில் மெல்லத் தள்ளிவிடுங்கள். விடிந்ததும் அது குஞ்சுகளைக் கொத்துகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள். கொத்தாமல் கூப்பிட்டு அணைத்துக்கொண்டால் பல்புக்கு வேலையே இல்லை.

கேள்வி: வெடைக்கோழி என்று சொல்லி வயதான கோழியைத் தலையில் கட்டிவிட்டால்? பார்த்து வாங்குவது எப்படி?

பதில்: நியாயமான பயம். கோழியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் கால். இளங்கோழியின் காலில் செதில் வழவழப்பாகப் படிந்திருக்கும். வயதானதில் தடித்துச் சொரசொரப்பாக இருக்கும். செதில் தூக்கிக்கொண்டு வெள்ளையாகப் பொரிந்திருந்தால் அது உண்ணி, வேண்டாம். அடுத்தது கொண்டை. முட்டைக்கு வராத வெடைக்குக் கொண்டை சின்னதாக, வெளிறி இருக்கும். சிவந்து பருத்துக்கொண்டு வந்தால் முட்டை நெருங்குகிறது. முதுகில் கை வைத்ததும் இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கினால் இன்னும் நெருங்கிவிட்டது.

அப்புறம் வாலுக்குக் கீழே, முட்டை வரும் வழியின் இரண்டு பக்கமும் உள்ள எலும்பு முனைகளைத் தடவிப் பாருங்கள். நடுவில் ஒரு விரல்கூடச் சரியாக நுழையாவிட்டால் இன்னும் முட்டையிடாத வெடை. இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் அது ஏற்கெனவே இட்டுக்கொண்டிருக்கும் கோழி. அங்கேயே இறகை ஊதிப் பார்த்தால் பேன் இருப்பதும் தெரிந்துவிடும். கண்ணில் நுரை, மூக்கில் சளி, மூச்சில் கரகரப்பு என எது இருந்தாலும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி போட்டாயிற்றா, எப்போது போட்டார்கள் என்று கேளுங்கள். பதிலில் தடுமாறுகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

வாங்கி வந்த இரண்டு வாரம் முட்டை வராவிட்டால் பதறாதீர்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் இட்டுக்கொண்டிருந்த கோழியும் நிறுத்திவிடும்.

கேள்வி: ஏற்கெனவே முட்டையிடும் கோழிகள் இருக்கின்றன. புதிதாகக் குஞ்சு வாங்கி அவற்றோடு விடலாமா?

பதில்: கூடாது. பெரிய கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். தீவனமும் ஒத்துவராது. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 4 சதவீதம் அளவுக்கு இருக்கும். அது குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏறக்குறைய பெரியவற்றின் அளவுக்கு வளரும்வரை தனியாகவே வையுங்கள். வெடைக்கோழியாக வாங்கினாலும் ஒரு மாதம் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்ப் பாத்திரம். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்து முடித்துவிட்டுப் புதியவற்றிடம் போங்கள். நோய் இருந்தால் உங்கள் செருப்பிலேயே வந்துவிடும். பிறகு ஒரு வாரம் கம்பிவலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி விட்டு, அதன் பின் சேருங்கள். தீவனத் தட்டு கூடுதலாக ஒன்று வைத்தால் சண்டை குறையும்.