வீட்டில் எஸ்பிரெஸோ: இயந்திரத்துக்கு முன்னால் அரவை
வாசகர் கேள்வி – பதில்

வெந்நீரை அழுத்தத்தில் தூளின் வழியாகச் செலுத்தி இறக்கும் திடமான காபிதான் எஸ்பிரெஸோ. வீட்டுக்கு அதற்கான இயந்திரம் வாங்குவது பற்றிப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி: நான், கணவர், மாமனார், மாமியார் என வீட்டில் நான்கு பேர். காலையில் மாமியார் பித்தளை ஃபில்டரில் இறக்கும் டிகாக்‌ஷனில்தான் எல்லோருக்கும் காபி. மாலையில் கணவருக்கும் எனக்கும் கப்புச்சினோ குடிக்க ஆசை. 40,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றிருக்கிறோம். கடையில் ஓர் இயந்திரத்தின் பெட்டியில் 15 பார் என்றும், இன்னொன்றில் 20 பார் என்றும் போட்டிருக்கிறது. எதை வாங்குவது? கடையில் அரைத்து வாங்கும் எங்கள் வழக்கமான காபித்தூளையே அதில் போடலாமா?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்; மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். வழக்கமான தூளில் சிக்கரி கலந்திருக்குமானால் அதை எஸ்பிரெஸோ இயந்திரத்தில் போடாதீர்கள். சிக்கரி என்பது வறுத்து அரைத்த வேர். காபியைக் காட்டிலும் அதிகமாகத் தண்ணீரில் கரையும். பித்தளை ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக இறங்குவதால் அந்தக் குணம் டிகாக்‌ஷனுக்குக் கருமையையும் திடத்தையும் தருகிறது. அதே தூளை அழுத்தத்தில் வைத்தால் தண்ணீரை உறிஞ்சிப் பசைபோலாகி, இயந்திரத்தில் தூள் போடும் கிண்ணத்தின் நுண்துளைகளை அடைத்துக்கொள்கிறது. மேலே தண்ணீர் தெளிக்கும் சல்லடையிலும் பிசுபிசுவென்று ஒரு படலம் ஒட்டுகிறது. வழி அடைபட்டு அழுத்தம் உள்ளேயே தங்கிவிட்ட நிலையில் அவசரப்பட்டு, கிண்ணம் பொருந்தியிருக்கும் பிடியைத் திருப்பினால் சுடுதூள் கைமேல் தெறிக்கவும் கூடும்.

எனவே மாலைக் காபிக்குத் தனியாகக் கொட்டை வாங்க வேண்டும். கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் காபிக் கடைகள் இருக்கும் ஊர்களில் அதற்குச் சிரமமில்லை. பிளான்டேஷன் ஏ, பீபெரி என்ற இரண்டு ரகக் கொட்டைகளையும் பாதிக்குப் பாதி, சிக்கரி சேர்க்காமல், அரைக்காமல், கொட்டையாகவே கால் கிலோ கேளுங்கள். பால் கலந்து குடிக்கப் போகிறீர்கள் என்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்கு நல்ல ரோபஸ்டா ரகக் கொட்டை சேர்த்துக்கொண்டால் பாலை மீறிக் காபியின் சுவை எழும். மேலே நிற்கும் பொன்னிற நுரையும் கெட்டியாக இருக்கும். கொட்டை வறுத்த நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வறுத்து ஒரு வாரம் ஆன கொட்டை எஸ்பிரெஸோவுக்கு நன்றாக இருக்கும். அன்றே வறுத்தது அளவுக்கு மீறிப் பொங்கும். நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் அரைத்த தூள் வெகு சீக்கிரம் மணம் இழந்து கட்டிதட்டிவிடும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் கொட்டையாக வைத்திருந்து, அவ்வப்போது வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்வதே சரி.

இப்படிச் சொன்னதும் அரைப்பது எப்படி என்ற கேள்வி வந்துவிடுகிறது. என் கருத்தில் இதுதான் உங்கள் கடிதத்தின் மையம், இயந்திரம் அல்ல. எஸ்பிரெஸோவில் 18 கிராம் தூளின் வழியாகச் சுமார் 36 கிராம் திரவம் 25 முதல் 30 வினாடிக்குள் இறங்க வேண்டும். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தூளின் நயம், அதாவது அது எவ்வளவு பொடியாக அரைபட்டிருக்கிறது என்பதுதான். ஃபில்டருக்கு அரைத்த பருமனில் போட்டால் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு வினாடியில் ஓடிவிடும். கோப்பையில் கிடைப்பது புளிப்பேறிய, வெளிறிய நீர். நயம் மிகுந்துவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசக்கும். மிக்ஸியின் கத்தி கொட்டையை வெட்டிச் சிதறடிப்பதால் மாவும் குருணையும் கலந்து வரும். அதை வைத்து இந்த நேரத்தைப் பிடிக்க முடியாது. இரண்டு எஃகுப் பற்சக்கரங்களுக்கிடையே கொட்டையை நொறுக்கும், படிப்படியாக நயத்தை மாற்றக்கூடிய அரவைக் கருவிதான் வேண்டும். உங்கள் 40,000 ரூபாயில் 15,000 ரூபாயாவது இதற்கு ஒதுக்குங்கள். அந்தத் தொகைக்கு மின்சாரத்தில் ஓடுவதைவிடக் கையால் சுற்றும் நல்ல கருவியே மேலானதாகக் கிடைக்கும். மாலையில் இரண்டு பேருக்கு அரைக்க அது போதும். விலையுயர்ந்த இயந்திரத்தையும் மலிவான அரவைக் கருவியையும் சேர்த்து வாங்குவதைவிட, எளிய இயந்திரத்தையும் நல்ல அரவைக் கருவியையும் சேர்த்து வாங்கிய வீட்டில்தான் காபி நன்றாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

இனி பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு வருவோம். எஸ்பிரெஸோ இறங்க ஏறத்தாழ 9 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு, போதுமானது. மிலான் நகரத்து அக்கீலே காஜியா 1938-ல் காப்புரிமை கோரி, 1940-களின் பிற்பகுதியில் நெம்புகோலும் வில்லும் வைத்த இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதுதான் கோப்பையின் மேல் அந்தப் பொன்னிற நுரை முதன்முதலில் நின்றது. அதற்கு முன் வெறும் நீராவியின் தள்ளலில் இறங்கிய காபியில் அது இல்லை. இன்றைய பெட்டிகளில் உள்ள 15, 20 என்ற எண்கள், உள்ளிருக்கும் பம்ப் தண்ணீர் ஓடாமல் அடைபட்டிருக்கும்போது எட்டக்கூடிய உச்ச அழுத்தத்தையே குறிக்கின்றன. காபி இறங்கும்போது அந்த அழுத்தம் வேண்டாம். ஆகவே 20 பார் இயந்திரம் 15 பார் இயந்திரத்தைவிட உயர்ந்தது என்று எண்ணிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஆனால் 3.5 பார், 4 பார் என்று எழுதி மலிவாக விற்பவற்றில் பம்ப் இருக்காது. அவை நீராவியால் தள்ளும் வகை. அதில் எஸ்பிரெஸோ வராது.

கடையில் எண்ணைப் பார்ப்பதற்குப் பதிலாகப் பிடியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். தூள் போடும் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அடியில் நூற்றுக்கணக்கான ஊசித்துளைகள் தெரிகின்றனவா, அல்லது ஒரே ஒரு துளை மட்டும் தெரிகிறதா என்று கண்டுகொள்ளலாம். ஒற்றைத் துளை உள்ளது இரட்டைச் சுவர்க் கிண்ணம். தூள் எப்படி இருந்தாலும் அந்தத் துளையே நுரையை உண்டாக்கிவிடும். தொடக்கத்தில் அது வசதிதான், ஆனால் உங்கள் அரவை நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது. பல துளைக் கிண்ணமும் போட்டுக்கொள்ள வழியுள்ள இயந்திரத்தையே வாங்குங்கள். டெலோங்கி டெடிக்கா போன்றவற்றில் 51 மில்லிமீட்டர், பிரெவில் பம்பினோவில் 54, காஜியா கிளாசிக்கில் 58 என்று கிண்ணத்தின் அகலம் வேறுபடும். 58 கடைகளில் புழங்கும் அளவு என்பதால் அதற்கு மாற்றுப் பொருள்கள் எளிதில் கிடைக்கும். உங்கள் மீதித் தொகைக்கு 51 அளவுள்ள இயந்திரமே அமையும். இரண்டு பேருக்கு அதில் குறையொன்றும் இல்லை.

பாலைப் பற்றியும் ஒரு சொல். இந்தச் சிறிய இயந்திரங்களில் காபி இறக்கிய பிறகு, நீராவிக்கான சூடு ஏறச் சற்றுக் காத்திருக்க வேண்டும். பாண்லே பாலோ ஆவின் பாலோ, காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்ததை எடுத்து நீராவி கொடுங்கள். நுரைக்கும் பால் 60 முதல் 65 டிகிரியில் இனிக்கும். நாம் பழகிய கொதிக்கக் கொதிக்க என்ற சூட்டுக்கு ஏற்றினால் நுரை உடைந்துவிடும். மாமனாருக்கும் மாமியாருக்கும் இந்தச் சூடு பிடிக்காமல் போகலாம். காலைக் காபியை ஃபில்டரிலேயே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். இரவே போட்டு வைத்த டிகாக்‌ஷன் நான்கு டம்ளருக்குக் காலையில் தயாராக இருக்கும். இயந்திரமோ இரண்டிரண்டாகத்தான் கொடுக்கும், ஒவ்வொரு சுற்றிலும் துடைத்துக் கழுவ வேண்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். மின்கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. இந்தத் தண்ணீரில் எஸ்பிரெஸோ இயந்திரம் தாங்குமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாங்காது. கெட்டிலில் படிவது கால்சியம் கார்பனேட். கெட்டிலில் கண்ணுக்குத் தெரிகிறது, இயந்திரத்துக்குள்ளே மெல்லிய குழாய்களில் தெரியாமல் படிந்து வழியை அடைக்கும். கடலோர நிலத்தடி நீரில் உப்பும் ஏறியிருந்தால் அதிலுள்ள குளோரைடு துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். கொதிக்க வைப்பதால் உப்பு போகாது. காபிக்கு ஏற்ற தண்ணீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் இருப்பது நல்லது என்றும், 75 முதல் 250 வரை ஏற்கலாம் என்றும் காபித் துறையினர் கொள்கிறார்கள். வீட்டு ஆர்.ஓ. கருவியின் தண்ணீர் பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும். சுவை சற்று மந்தமானாலும் இயந்திரத்துக்கு அது கிணற்று நீரைவிடப் பாதுகாப்பு. அளவைக் கூட்ட வேண்டும் என்று ஆர்.ஓ. கருவியின் திருகைத் திருப்பி உப்பு நீரையே திரும்பக் கலந்துவிடாதீர்கள்.

ஆர்.ஓ. நீரையே ஊற்றினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் அமிலம், மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைப்பது, கரைத்து உள்ளே ஓடவிட்டு, பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரால் அலசுங்கள். கையேடு வேறு முறை சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். வினிகர் வேண்டாம், ரப்பர் வளையங்களில் அதன் வாடை தங்கிவிடும்.

கேள்வி: பாரிஸில் இருக்கும் சித்தப்பா தாம் வைத்திருக்கும் இயந்திரத்தை அடுத்த முறை வரும்போது எனக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். இங்கே அது ஓடுமா?
— வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஓடும். பிரான்சிலும் இங்கும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின்மாற்றி தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட் இயந்திரம். அதை மட்டும் ஏற்காதீர்கள். கவனிக்க வேண்டியது செருகியை. பிரெஞ்சுச் செருகியின் இரண்டு உருண்டைக் கால்கள் நம் சுவர்த்துளையில் எப்படியோ நுழைந்துவிடும், இயந்திரமும் ஓடும். ஆனால் நில இணைப்பு சேர்ந்திருக்காது. தண்ணீரும் சூடேற்றியும் ஒன்றாக உள்ள கருவியில் அது உயிருக்கே ஆபத்து. மின்பணியாளரிடம் கொடுத்து 16 ஆம்பியர் மூன்று கால் செருகியாக மாற்றி, பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி நில இணைப்புக் காலில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1,500 வாட் இயந்திரம் 6.5 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் துளையில் அதைச் செருகக் கூடாது.

உத்தரவாதம் பெரும்பாலும் நாடு கடந்து வராது. ஆகவே, பிடி மாட்டும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் இரண்டையும் தெளிப்புச் சல்லடை ஒன்றையும் கூடவே வாங்கி வரச் சொல்லுங்கள். தேய்ந்துபோகும் பாகங்களில் முதலாவது அந்த வளையம்தான். அது காப்ஸ்யூல் போடும் இயந்திரமாக இருந்தால் அன்போடு மறுத்துவிடுவது நல்லது: அந்த வகைக் காப்ஸ்யூல் இங்கே கிடைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் சித்தப்பாவின் வருகையை எதிர்பார்க்க வேண்டியிருக்கும், ஒன்றில் இருப்பதோ ஐந்தாறு கிராம் தூள் மட்டுமே.

கேள்வி: மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டரில் எஸ்பிரெஸோ இயந்திரத்தை ஓட்டலாமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: விளக்கு, மின்விசிறிக்காக வைக்கும் 900 வி.ஏ. இன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தாங்காது, உடனே நின்றுவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த பிறகு மின்சாரமின்றி நாள்கணக்கில் இருந்த கடலூர்க்காரர்களுக்கு, அடுப்பில் வைக்கும் ஒரு கருவி எவ்வளவு தேவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1933-ல் இத்தாலியின் பியாலெத்தி உருவாக்கிய மோக்கா பாத்திரம் எரிவாயு அடுப்பில் ஓடும். அழுத்தம் ஓரிரு பார்தான் என்பதால் எஸ்பிரெஸோ ஆகாது. ஆனாலும் பாலுக்கு ஈடுகொடுக்கும் திடமான காபி கிடைக்கும். அடிப்பாத்திரத்தில் வால்வுக்குக் கீழ்வரை வெந்நீர் ஊற்றி, சிக்கரி இல்லாத தூளை அமுக்காமல் நிரப்பி, சிறு தீயில் வையுங்கள். மேலே கரகரவென்று சத்தம் வரத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். அலுமினியத்தில் செய்தது இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. மின்சாரம் உள்ள நாளில் இண்டக்‌ஷனிலும் வைக்க விரும்பினால் எஃகில் செய்ததை வாங்குங்கள்.