இந்தக் கணக்கு எப்போது முடியும்?

கேள்வி: 10,000 சமன்பாடுகளை என் கணினி 40 விநாடியில் தீர்த்தது. 40,000 சமன்பாடுகளுக்கு 160 விநாடி போதுமா?

பதில்: போதாது. மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் முறையில் வேலை, அளவின் கனமாக ஏறும். அளவு 4 மடங்கானால் நேரம் 64 மடங்கு. ஏறத்தாழ 43 நிமிடம். அதற்கு முன் நினைவகத்தைப் பாருங்கள். எண்ணுக்கு 8 பைட் வீதம், 40,000 சமன்பாடுகளின் கெழுக்களை அடுக்கிய அணிக்கு 12.8 ஜிகாபைட் வேண்டும். உங்களிடம் 8 ஜிகாபைட்தான் என்றால் எண்கள் வட்டுக்கும் நினைவகத்துக்குமாக அலையும். அப்போது என் 64 செல்லாது.

கேள்வி: வேறொருவர் எழுதிய நிரல். உள்ளே என்ன முறை என்றே தெரியாது.

பதில்: ஓட்டி அளங்கள். 1,000, 2,000, 4,000 என மூன்று அளவு. ஒவ்வொன்றும் சில விநாடியாவது ஓட வேண்டும். இரட்டிக்கும்போது நேரம் 4 மடங்கானால் வர்க்கம், 8 ஆனால் கனம். விகிதம் நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனால் பெரிய அளவுக்குப் போகவே வேண்டாம்.

கேள்வி: 40 இலக்க எண்ணை 2, 3, 4 என வரிசையாக வகுத்துக் காரணி தேடுகிறேன். இரண்டு நாளாயிற்று. காத்திருக்கலாமா?

பதில்: இப்போதே நிறுத்துங்கள். 1க்குப் பின் 20 சுழி போட்ட அளவு வகுத்தல் தேவைப்படலாம். விநாடிக்கு 100 கோடி வகுத்தாலும் 3,000 ஆண்டைத் தாண்டும். இருபடிச் சல்லடை என்ற காரணி தேடும் முறை இதைச் சில விநாடிகளில் முடித்துவிடும்.

கேள்வி: நீள்வட்ட வளைவு முறையில், நான் தேடும் அளவுக் காரணிக்குச் சராசரியாக 400 வளைவு, அதாவது 400 முயற்சி, வேண்டும் என்றார்கள். 400 முடிந்தது, காரணி வரவில்லை. இனி விரைவில் வருமா?

பதில்: அப்படி எண்ணாதீர்கள். ஒவ்வொரு வளைவும் புதிய குலுக்கல். பழைய தோல்விகள் கணக்கில் சேராது. அந்த அளவில் காரணி இருந்தாலும், 400 வளைவுக்குப் பின்னும் சிக்காமல் போக ஏறக்குறைய 37 சதவீத வாய்ப்பு உண்டு. இருந்தால், இன்னும் சராசரியாக 400. காரணி நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். நான் எல்லையை உயர்த்தித் தேடுவேன்.

கேள்வி: 2ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தி 1 கழித்தால் வரும் மெர்சென் எண்ணைப் பகா எண்ணா என்று சோதிக்க எவ்வளவு நாள்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது; எல்லாப் படிகளும் ஏறத்தாழ ஒரே எடை. இதற்கான லூக்கா–லேமர் சோதனையில், அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை வர்க்கம் எடுக்க வேண்டும். 2024இல் கிடைத்த மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. படிக்கு 1 மில்லிவிநாடி என்றால் சுமார் 38 மணி நேரம். அடுக்கு இருமடங்கானால் நேரம் 4 மடங்குக்குச் சற்று மேல். படிகளும் இரட்டிக்கும், ஒவ்வொரு படியின் எடையும் கூடும். ஆனால் முதல் நிமிட அளவை நம்பாதீர்கள். கணினி சூடேறினால் வேகம் குறையும். அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு அளங்கள்.